அக்காளா, தங்கச்சியா

மூன்று முறை எழுதிவிட்டேன் அந்தத் தேர்வை.
கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் தேறிவிடும்.
பேசுவதில் மட்டும் அரைப்புள்ளி குறையும்.

போன தடவை லைட்ஹவுஸால் போனது.

மதுரையில், குளிரூட்டிய அறையில்,
திரைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள்:
உன் வீட்டருகே என்ன இருக்கிறது?
லைட், ஹவுஸ், என்றேன்.
மீனைக் கூறு வைக்கிறவள் மாதிரி
இரண்டுக்கும் சமமாகப் பங்கு வைத்தேன்.
அவள் முகம் மலர்ந்தது.
"அப்படியா, ஓலையில் கட்டியதா?"

புரியாத கேள்விக்கு ஆமாம் சொல்வது என் வழக்கம்.
சொன்னேன்.
பரமக்குடி தாண்டும்போதுதான் உறைத்தது.
முதல் பாதியை அழுத்தியிருந்தால் அது கலங்கரை விளக்கம்.
அழுத்தாமல் விட்டதால்
கனமில்லாத வீடு.

பொய் என்றும் சொல்ல முடியாது.
பாம்பன் விளக்கின் வெளிச்சம் ராத்திரி வந்து தடவிவிட்டுப் போகிற எங்கள் வீடு
அப்படித்தான்.

வெட்டுகிற இடத்திலும் தகராறு.
பி பக்கத்தில் எச் நின்றால் ஃப என்று
பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.
லூஃபோல், லூஃபோல் என்றே
பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை, அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.
அது லூப், அப்புறம் ஹோல்.
ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கும் இரண்டு வத்தை,
அதனதன் நங்கூரம் அதற்கு.

நமக்கு இந்தத் தொல்லை கிடையாது.
ஒட்டுகிற இடத்தில் ஓர் ஒற்று முளைத்துவிடும்:
தூக்குப்பாலம், நண்டுக்கறி, கீழக்கரை.
மேலேயே தெரிகிற தையல்.
அவர்களோ உள்தையல் போட்டுவிட்டு
மூச்சை வைத்துக் கண்டுபிடி என்கிறார்கள்.

அழுத்தம் என்றால் எனக்கு வேறு அர்த்தம்.
புஜத்தில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கி,
மேலே நூற்று நாற்பது, கீழே தொண்ணூறு.
ஒரு சொல்லுக்குப் பட்டையை எங்கே சுற்றுவது?

நேற்று பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ராமநாதபுரத்தில் பகல் டூட்டி முடித்து ஏறிய பஸ்
பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்றில் ஊர்ந்தது.
ஹெட்டேக், ஹார்ட்பீட், பெட்பேன், பெயின்கில்லர்,
முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.
மடியில் ஐஸ்பெட்டி வைத்திருந்தவர்
ஜெபமாலை என்று நினைத்தாரோ என்னவோ,
மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

பாம்பன் கழிந்ததும் கண்டக்டர்,
"மடம், மடம், மடம் எறங்கு."
எழுந்தவர்களில் நானும் ஒருத்தி.
கடைசி சீட்டில் வெளியூர்க்காரர் ஒருவர்
இரண்டு பையோடு பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து,
"எந்த மடங்க?"
கண்டக்டர் பல்லைக் கடித்தார்.
"அக்காஆள்மடம் இது. தங்கச்சி அடுத்தது."

மடம் அவர் வாயோரம் சுருங்கிப்போனது.
அக்காள் மட்டும் பஸ் நீளத்துக்கு நின்றாள்.

இவ்வளவுதானா?
மடம் இருவருக்கும் பொது.
யார் மடம் என்று சொல்கிறவள் முன்னால் நிற்கிறாள்,
கனம் அவள் தோளில்.
தலையா பல்லா வயிறா என்று வார்டில் கேட்டால்
வலி என்கிற பாதியை யார் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்?
இத்தனை நாளாக இறங்குகிற நிறுத்தத்தில்
இது கிடந்திருக்கிறது,
நான் மதுரைக்குப் போய் பணம் கட்டியிருக்கிறேன்.

தை மாதம் அடுத்த தேதி.
இனி கேட்டால் சொல்லத் தெரியும்:
லைட் ஓங்கி, ஹவுஸ் ஒதுங்கி.

வீட்டுக்கு வந்தபோது அமலதாசன் கூரைமேல் இருந்தார்.
பழைய வலையை விரித்து நாலு மூலையும் இழுத்தாகிவிட்டது.
காற்று ஓலையைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தது.
உடுப்பைக்கூட மாற்றாமல்
கல்லை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன்.
இதை நடுவிலே வையுங்க, என்றேன்.
நடுவிலே வேண்டாம், என்றார்,
ஓரத்திலேதான் தூக்கும்.